இன்றிரவு எங்கே?

சாயங்காலம் நாலு மணி அடித்தால் நம் வீடுகளில் என்ன கவலை எழும்? பால் வந்ததா, ராத்திரிக்கு என்ன பலகாரம், பள்ளிக்கூடம் போன குழந்தையை இன்னும் காணோமே! இவைதானே? சென்ற ஜூலை மாதம் மூன்று நாட்கள் இந்தக் கவலைகளெல்லாம் என்னை விட்டு ஓடிப் போயின. அவற்றின் இடத்தில் ஒரே ஒரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. "இன்றிரவு எங்கே தங்குவது?" என்பதுதான் அது.

கனடா தேசத்தில் வின்னிபெக் நகரில் என் பெண் வசந்தா குடித்தனம் செய்கிறாள். மாப்பிள்ளையின் தமையனார் கால்கரியில் வீடு வாங்கியிருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்குப் போக வேண்டும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துப் பிரயாணம். நானும் என் கணவரும் அதற்குத்தான் தயாராக இருந்தோம். ஆனால் மாப்பிள்ளை, "அத்தை! விமானத்தில் போனால் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பிரேரியைப் பார்க்காமல் போகலாமா?" என்றார். மறு வாரமே வாசலில் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது.

வண்டியா அது! வீடு என்றே சொல்ல வேண்டும். 'ஆர்.வி.' என்கிறார்கள். உள்ளே படுக்கைகள், அடுப்பு, குளிர்ப்பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி, ஒரு மூலையில் குளியலறை எல்லாம் அடக்கம். எட்டு வயதுப் பேரன் பாலு, ஓட்டுபவர் தலைக்கு மேலே இருக்கும் பரண் படுக்கை தனக்குத்தான் என்று ஏறிப் படுத்துக்கொண்டான்.

என் கணவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டியிலேயே படுக்கை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. இருட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிட்டுத் தூங்க வேண்டியதுதானே?" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். அந்த நினைப்பு எங்களை விட்டு எப்படிப் போயிற்று என்பதைக் கேளுங்கள்.

வெளிச்சம் செய்த மோசம்

மானிடோபா, சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா என்ற மூன்று மாகாணங்களின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் புல்வெளி நாட்டைத்தான் பிரேரி என்கிறார்கள். புல்லில் பெரும் பகுதி போய் இப்போது எங்கே பார்த்தாலும் வயல். கோதுமை ஒரு பக்கம். மஞ்சள் பட்டை விரித்தது போல் கனோலா ஒரு பக்கம். நடு நடுவே குட்டைச் செடியாக ஒன்று தெரிந்தது. மசூர்ப் பருப்பு! நம் தேசத்துக்குக் கப்பலேறி வருகிற மசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு கனடாவிலிருந்து வருவது. கனடாவின் மசூரில் அநேகமாக எல்லாமே சஸ்காட்சுவானில் விளைவது. மளிகைக் கடையில் அரைக் கிலோ வாங்கும்போது நான் இதையெல்லாம் கண்டேனா?

வின்னிபெக்கிலிருந்து கால்கரி 1,300 கிலோமீட்டருக்கு மேல். டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை நூல் பிடித்தது போல் மேற்கே போகிறது. நாங்கள் புறப்பட்டபோதே பகல் ஒரு மணி. போர்ட்டேஜ் லா பிரேரி போயிற்று, பிராண்டன் போயிற்று. மணி ஏழு. "எங்காவது இடம் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "இன்னும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது, அம்மா!" என்றாள் வசந்தா.

உண்மைதான். ஜூலை மாதத்தில் அங்கே ஒன்பதரை மணி வரை சூரியன் அஸ்தமிப்பதில்லை. ஏழு மணிக்கு நம் ஊர் நாலு மணி வெயில் அடிக்கிறது. ஆனால் சூரியன்தான் தாமதமாகப் படுக்கப் போகிறானே தவிர, மனிதர்கள் வழக்கமான நேரத்துக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் முதலில் போன காம்ப் கிரவுண்டில் 'இடமில்லை' என்று பலகை தொங்கிற்று. இரண்டாவது இடத்தில் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. அங்கே வரிசையாகக் காலி இடங்கள்! "என்ன அதிர்ஷ்டம்!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

வண்டியை நிறுத்தி, மின்சாரக் கம்பியைக் கம்பத்தில் செருகினார் மாப்பிள்ளை. குளிர்சாதனம் ஓடிற்று. நான் சாதம் வைக்க மின்சாரக் குக்கரைப் போட்டேன். வசந்தா மைக்ரோவேவில் குழம்பைச் சுட வைத்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். எங்கும் இருட்டு! கம்பத்தில் முப்பது ஆம்பியர்தான் உண்டாம். அந்த ஊர் 120 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 3,600 வாட். மூன்று சாமான்களையும் சேர்ந்தாற்போல் அது தாங்காது. சில கம்பங்களில் பதினைந்து ஆம்பியர்தான் இருக்கும், சிலவற்றில் ஐம்பது. முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இது. குளிர்சாதனத்தை நிறுத்தி, வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுப் படுத்தோம்.

பன்னிரண்டு மணி இருக்கும். தலைமாட்டில் யாரோ சங்கு ஊதினாற்போல் ஒரு ஊளை! இரண்டு முறை நீளமாக, ஒரு முறை குட்டையாக, மறுபடி ஒரு முறை நீளமாக. வண்டி முழுதும் அதிர்ந்தது. டம்ளர்கள் நடனமாடின. ரயில்! கூட்ஸ் வண்டி! என் கணவர் ஜன்னல் வழியே பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். நூற்று நாற்பது வரையில் எண்ணிவிட்டுக் கொட்டாவி விட்டார். அந்த ஊரில் ரயில் பாதையைச் சாலை கடக்கும் ஒவ்வொரு இடத்துக்கு முன்னாலும் அப்படி ஊத வேண்டும் என்பது விதி. எங்கள் இடத்துக்கு ஐம்பது கஜ தூரத்தில் அப்படி ஒரு 'கேட்'. விடிவதற்குள் நாலு வண்டிகள் போயின. பாலு ஒருவனுக்குத்தான் ஆனந்தம்.

மலிவாகக் கிடைக்கும் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் வாங்குவோமா? அப்படி இருக்க, காலியாகக் கிடந்த இடத்தை ஏன் காலி என்று கேட்காமல் எப்படி எடுத்துக்கொண்டோம்!

பால் கணக்கு நோட்டு

மறு நாள் காலை காப்பி சாப்பிட்டுக்கொண்டே நான் என் பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்தேன். முன் பக்கங்களில் பால் கணக்கு இருந்தது. பின் பக்கத்தில் இரவுத் தங்கலுக்கான கணக்கை எழுத ஆரம்பித்தேன்.

முதலாவது, சூரியனை நம்பக் கூடாது. கடிகாரத்தை நம்ப வேண்டும். பகல் உணவுக்கு நிறுத்தும்போதே டெலிபோனில் விசாரித்து, நாலு மணிக்கு இடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நாலு மணிக்குப் போனால், இடம் பிடிக்காவிட்டாலும் இன்னொன்றைத் தேட நேரம் இருக்கும். மேற்கே போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மானிடோபாவைத் தாண்டிச் சஸ்காட்சுவானுக்குள் போனால் கோடைக் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ள வேண்டும். சஸ்காட்சுவானில் பெரும்பாலும் கோடைக்கென்று நேரத்தை மாற்றும் வழக்கம் கிடையாது.

இரண்டாவது, ரயில் பாதை. படத்தை விரித்துப் பார்த்தால் நெடுஞ்சாலையும் கனடியன் பசிபிக் ரயில் பாதையும் இரட்டைச் சடைபோல் சேர்ந்தே போகின்றன. 1882-ல் ரயில் ரெஜைனாவுக்கு வந்தது. ஊர்கள் அதன் பின்னால் வந்தன. குடியானவர்கள் குதிரை வண்டியில் தானியத்தைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டும் அல்லவா? ஆகவே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு ரயில் நிலையமும், தானியம் ஏற்றும் உயரமான மரக் களஞ்சியமும் கட்டினார்கள். அந்தக் களஞ்சியங்களில் பெரும்பாலானவற்றை இப்போது இடித்துவிட்டார்கள். ஊர்கள் மட்டும் அதே இடைவெளியில் நிற்கின்றன. இதில் நமக்கு லாபம் என்னவென்றால், ஒரு ஊர் சரிப்படாவிட்டால் அடுத்த ஊர் அதிக தூரத்தில் இல்லை. ஊருக்குள் பாதைக்குத் தள்ளி, 'கேட்'டுக்கு எட்டாத பக்கமாக இடம் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீரும் கழிவும். சில இடங்களில் மின்சாரம், குழாய்த் தண்ணீர், சாக்கடை மூன்றையும் வண்டிக்கே இணைத்துக்கொள்ளலாம். அதற்கு வாடகை கூடுதல். ஓர் இரவு தங்கிப் போகிறவர்களுக்கு மூன்றும் வேண்டியதில்லை. வண்டியில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவுக்குத் தொட்டிகள் எல்லாம் உண்டு. புறப்படும்போது கழிவை இறக்குவதற்கென்று ஓர் இடம் இருந்தால் போதும். அங்கே ஒரு குழாய் இருக்கும். அது கழுவி விடுவதற்குத்தான். அதில் தப்பித் தவறியும் குடிநீர் பிடித்துவிடாதீர்கள். இந்தத் திருப்பணியை மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். கல்யாணத்தின்போது நாங்கள் அவருக்குச் செய்த சீர் குறைவுதான் என்று எனக்கு அப்போது தோன்றிற்று!

நான்காவது, நிறுத்தும் தரை மட்டமாக இருக்க வேண்டும். சாய்ந்து நின்றால் நாம் தூக்கத்தில் உருள்வது மட்டுமல்ல. இந்த வண்டிகளில் இருக்கும் சில வகைக் குளிர்ப்பெட்டிகள் சரியாக வேலை செய்யா. பால் திரிந்து போகும்.

இவ்வளவையும் எழுதி முடித்து, இனிமேல் ஒரு குறையும் இல்லை என்று நோட்டை மூடினேன். முக்கியமான விஷயம் ஒன்றை இன்னும் எழுதவில்லை என்பது அன்றிரவுதான் தெரிந்தது.

ஏரியா, ஊரா?

வழியில் இண்டியன் ஹெட் என்ற ஊரைக் கடந்தோம். மரமே இல்லாத அந்தச் சமவெளியில் காற்றைத் தடுக்க, 1901 முதல் 2013 வரை அங்கே ஓர் அரசாங்க நாற்றங்கால் இருந்ததாம். அறுபது கோடிக்கும் மேற்பட்ட மரக் கன்றுகளை வளர்த்துக் குடியானவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சாலையிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பண்ணை வீட்டையும் சுற்றி ஒரு மர வேலி தெரிகிறது. நம் ஊரில் நிழலுக்கு மரம். அங்கே காற்றுக்கு மரம்.

ரெஜைனாவைத் தாண்டி, சரியாக நாலு மணிக்கு ஓர் ஏரிக்கரைக் காம்ப் கிரவுண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வசந்தா படத்தில் பார்த்து ஆசைப்பட்ட இடம். என்ன அழகு! தண்ணீருக்கும் வண்டிக்கும் நடுவே பத்தடிதான். நீல வானம், நீல ஏரி, அக்கரையில் மஞ்சள் வயல். ஆனால் சுற்றிலும் ஒரு மரம் இல்லை. கழிப்பிடம் என்பது நாலு பலகை அடித்த குடிசை.

மாப்பிள்ளை கைபேசியைப் பார்த்துவிட்டு, "இன்றிரவு இடி மழைக்கு 'வாட்ச்' போட்டிருக்கிறார்கள்" என்றார். 'வாட்ச்' என்றால் வரலாம் என்று அர்த்தம். 'வார்னிங்' என்றால் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"வரலாம் என்றுதானே? வந்தால் பார்த்துக்கொள்ளலாம். நேற்று ரயிலோடு படுத்துக்கொண்டோம். இன்றைக்காவது ஓர் அழகான இடத்தில் இருக்கக் கூடாதா?" என்றாள் வசந்தா. அவள் கண் கலங்கிவிட்டது. வருஷம் முழுதும் ஆபீஸ், வீடு, பனி என்று அலைகிறவள். அவளுக்குக் கிடைத்ததே இந்த மூன்று நாட்கள். பெற்றவள் மனம் இளகாமல் இருக்குமா? "சரி, இங்கேயே இருப்போம்" என்ற வார்த்தை என் வாய் வரையில் வந்துவிட்டது.

அப்போது காற்று திடீரென்று நின்றது. காலை முதல் ஓயாமல் வீசிய காற்று. ஒரு புல் அசையவில்லை. எனக்கு என்னவோ செய்தது.

"வசந்தா, ஏரியில் குளிக்கலாம். ஆசை தீர ஆறு மணி வரை இருக்கலாம். ராத்திரி தூங்குவதற்கு மட்டும் வேறு இடம் போவோம்" என்றேன். அவள் பதில் பேசவில்லை. ஆனால் பாலுவைக் கூட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

இருபது நிமிஷ தூரத்தில் ஒரு சின்ன ஊர். ஊராட்சிக்காரர்கள் நடத்தும் காம்ப் கிரவுண்டு. ஆபீஸ் இல்லை, காவல்காரர் இல்லை. ஒரு கம்பத்தில் இரும்புப் பெட்டி. பக்கத்தில் உறைகள். உறைக்குள் இருபத்தைந்து டாலரை வைத்து, வண்டி எண்ணை எழுதிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்! "யாரும் போடாமல் போனால்?" என்று என் கணவர் கேட்டார். கேட்டுவிட்டு, அவரே எண்ணி வைத்துப் போட்டார்.

மாப்பிள்ளை ஒரு பெரிய மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். சற்று நேரத்தில் சைக்கிளில் ஒரு பாட்டியம்மாள் வந்தாள். திடலைக் கவனித்துக்கொள்கிறவளாம். "அந்தப் பருத்திப் பஞ்சு மரத்தடி வேண்டாம். காற்றடித்தால் கிளை முறியும். மேற்கு ஓரத்துப் புதர் வேலிக்குப் பின்னால் நிறுத்துங்கள்" என்றாள். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், கான்கிரீட் சுவர் வைத்த குளியலறைக் கட்டடத்தையும், தெருவுக்கு எதிர்ப்புறம் ஊர்ப் பொது மண்டபத்தையும் காட்டினாள். "மண்டபத்துக்கு நிலவறை உண்டு. கதவை இன்று பூட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிலவறையில் அரை மணி

இரவு பதினொரு மணிக்கு எல்லாக் கைபேசிகளும் சேர்ந்து அலறின. 'வார்னிங்' வந்துவிட்டது. மாப்பிள்ளை காஸ் குழாயை மூடினார். வெளித் தாழ்வாரத் துணியை முன்பே சுருட்டியாயிற்று. பாலுவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தோம். மேற்கே வானம் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மின்னலுக்கு நடுவே இருட்டே இல்லை.

நிலவறையில் சுமார் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டியம்மாள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். சிறிது நேரத்தில் மேலே மலை சரிந்தாற்போல் ஒரு சத்தம். காற்று! பிறகு கூரையில் கல் மாரி. அந்தச் சமயத்தில் கதவை இடித்துத் திறந்துகொண்டு ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், இரண்டு குழந்தைகள். தொப்பலாக நனைந்திருந்தார்கள். ஏரிக்கரையிலிருந்து வந்தவர்கள்! ஆலங்கட்டி மழையில், வழி தெரியாத இருளில், வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தத் தாயின் கை நடுக்கம் வெகு நேரம் நிற்கவில்லை. வசந்தா எழுந்து போய்த் தன் சால்வையைச் சின்னக் குழந்தைக்குப் போர்த்தினாள்.

"பாட்டி, நம் வண்டி பறந்து போயிடுமா?" என்று பாலு காதோடு கேட்டான்.

"போனால் போகட்டும். அதற்குள் நாம் இல்லையே" என்றேன்.

இது வெறும் பயமல்ல. 2000-ஆம் வருஷம் ஜூலை 14-ஆம் தேதி, ஆல்பர்ட்டாவில் பைன் லேக் என்னும் ஏரிக்கரைக் காம்ப் கிரவுண்டைச் சுழற்காற்று தாக்கியது. 12 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள்! ஆர்.வி. எவ்வளவு சௌகரியமான வீடாக இருந்தாலும், அதற்கு அஸ்திவாரம் இல்லை. பெருங்காற்றில் அது கவிழும். அப்போது நமக்கு வேண்டியது நாலு கெட்டியான சுவர், முடிந்தால் ஒரு நிலவறை.

அரை மணியில் எல்லாம் ஓய்ந்தது. எங்கள் வண்டி இருந்த இடத்திலேயே நின்றது. கூரையில் காற்றுப் போக்கியின் மூடி மட்டும் உடைந்திருந்தது. நாங்கள் முதலில் நிறுத்திய மரத்தடியில் ஒரு பெரிய கிளை விழுந்து கிடந்தது. வசந்தா அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரத் துணியால் பாலுவின் காலைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, அந்த நோட்டில் இதையும் எழுதிக்கொள்" என்றாள்.

மூன்றாம் இரவு

மறு நாள் சைப்ரஸ் ஹில்ஸ் பூங்காவில் தங்கினோம். மேப்பிள் க்ரீக் ஊருக்குத் தெற்கே, சமவெளியின் நடுவே திடீரென்று எழும்பும் குன்றுகள். சைப்ரஸ் என்று பெயரே தவிர, அங்கே இருப்பது பைன் மரம். இரண்டு மாகாணங்கள் சேர்ந்து 1989-ல் அமைத்த பூங்கா அது. முதல் நாளே டெலிபோனில் இடம் பதிவு செய்துவிட்டோம். வாரத்தின் நடுநாள் ஆனதால் கிடைத்தது. சனி ஞாயிறுகளிலும், ஜூலை முதல் தேதி கனடா தினத்தை ஒட்டியும் போகிறவர்கள் வெகு முன்னதாகவே எழுதிப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று இடம் பார்த்தவள் வசந்தா. ரயில் எங்கே, தரை மட்டமா, தண்ணீர் எங்கே என்று கேட்டாள். பிறகு யாரும் சொல்லாமலே குளியலறைக் கட்டடத்துக்கு நடந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ராத்திரி நல்ல குளிர். போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே உட்கார்ந்தோம். அந்தப் பூங்காவில் வெளிச்சம் வானத்தைக் கெடுக்காதபடி விளக்குகளைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அத்தனை நட்சத்திரங்களை நான் என் சிறு வயதில் மொட்டை மாடியில் பார்த்ததுதான். என் கணவர், "எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொன்னது யார்?" என்று தாமே கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார்.

உங்களில் பலருக்கு மகனோ மகளோ அந்தத் தேசத்தில் இருக்கலாம். அவர்கள் உங்களையும் ஒரு நாள் இப்படிச் சக்கர வீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்படலாம். தாராளமாகப் போய் வாருங்கள். அழகான ஏரியைக் கண்டால் இறங்குங்கள், குளியுங்கள், கட்டுச் சாதத்தைப் பிரித்துச் சாப்பிடுங்கள். ஆனால் பகலைக் கழிக்கும் இடமும் இரவைக் கழிக்கும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாலு மணி ஆனதும் மேற்கே வானத்தை ஒரு தரம் பாருங்கள். பக்கத்தில் நல்ல சுவர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். குழந்தைகள் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பாதகமில்லை. பொழுது விடிந்தால் சரியாகிவிடும்.